எனக்கு மட்டும் ஒரு பரீட்சை

மேசை மேல் ஒரு தட்டு நிறைய வெண்ணெய் பிஸ்கெட் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. விடியும் முன்னே கெலமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஏசி காற்று அந்த வாசனையை நேராக என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது.

எதிரில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் விடைத்தாளைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் விரலால் தட்டி, "இந்தப் பதிலை உனக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் ஆங்கிலம் அப்போது தட்டுத்தடுமாறும். ஆனாலும் 'யார் கற்றுக்கொடுத்தது' என்று கேட்பதற்கும் 'யார் கொடுத்தது' என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாத அளவுக்கு இல்லை.

போன வாரக் கட்டுரையை, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் எனக்குப் போட்ட சால்வையோடு நிறுத்தியிருந்தேன். சால்வை போட்டவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இது அதற்குப் பிறகு நடந்தது.

தகுதி ஒன்றே

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூருக்குள் நுழைவதற்கு முன்பே அந்தத் தனியார் கல்லூரி வந்துவிடும். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கட்டடம், முன்னால் பச்சைப் புல். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்லூரி என்று கண்டுபிடித்துச் சொன்னவள் ஜெசிந்தா. ஓசூர் அரசுப் பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். வீடு மத்திகிரியில். அவள்தான் போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினாள். நுழைவுத் தேர்வில் முதல் சில இடங்களுக்குள் வந்தால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கல்லூரிப் பொறுப்பு. கீழே பெரிய எழுத்தில் 'தகுதி ஒன்றே அளவுகோல்' என்று போட்டிருந்தது.

"மஞ்சு, இது நமக்குன்னே எழுதினது மாதிரி இருக்குதுடி" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. கஷ்டத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுது என்றும் கேட்கவில்லை. கணக்குப் போடு, போட்டால் இடம் என்கிறார்கள். இதைவிட மரியாதையாக யாரும் என்னை அதுவரை கூப்பிட்டதில்லை.

சாயங்காலங்களில் மத்திகிரி மாதா கோயில் வராந்தாவில் உட்கார்ந்து படித்தோம். உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மெழுகுவர்த்தி அணைந்த வாசனை வெளியே வரும். ஜெசிந்தா வாயில் ஜெபமும் கையில் கணக்கும் ஒரே நேரத்தில் ஓட்டுவாள். இரண்டிலும் பிசகமாட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பழைய பேப்பர் கடையில் எங்கெங்கோ நடந்த தேர்வுகளின் வினாத்தாள்களைத் தேடி எடுப்போம். எதற்கும் விடை இருக்காது. அது எவ்வளவு நல்லது என்று பிற்பாடுதான் தெரிந்தது. இருவரும் ஒரே பதிலுக்கு வரும்வரை சண்டை போடுவோம்.

தேர்வு ஓசூரிலேயே நடந்தது. முடிவு வந்தபோது என் பெயர் பட்டியலின் முதல் வரியில் இருந்தது. ஜெசிந்தாவின் பெயர் இல்லை. கொஞ்ச மார்க்கில் தவறியிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, தலைவலிக்கிறது என்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்துக்குப் பத்து

அந்தக் கடைசிக் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பிடிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். இதற்குக் கட்டம் போடத் தெரிந்தால் போதும்.

பத்து அடிக்குப் பத்து அடி ஒரு தரை. ஓர் அடி அகலமும் நான்கு அடி நீளமும் உள்ள ஓடுகள். ஓட்டை உடைக்காமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் தரை முழுக்கப் பதிக்க முடியுமா?

பரப்பளவைப் பார்த்தால் சரியாக வரும் போலத்தான் இருக்கும். பதித்துப் பார்த்தால் வராது. வராது என்று சொன்னால் போதாது, ஏன் என்றைக்குமே வராது என்று சொல்ல வேண்டும்.

நான் பென்சிலால் அந்தத் தரையை இரண்டுக்கு இரண்டு சதுரங்களாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று கருப்படித்தேன். எந்த ஓட்டை எந்தப் பக்கமாக வைத்தாலும் அது பாதி கருப்பையும் பாதி வெள்ளையையும்தான் மூடும். அப்படியானால் கருப்பும் வெள்ளையும் சமமாக இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் கருப்பு அதிகம். அவ்வளவுதான். முடிந்தது.

அதை ஹாலில் கண்டுபிடித்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் இருந்த ஒரு பையன் பேனா கேட்டான். அவன் கேட்டது காதில் விழுந்தும் திரும்ப முடியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

நாய்க்குட்டிக் கேள்வி

நேர்காணலுக்கு உள்ளே போவதற்கு முன்னால், பட்டியலில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே ஹாலில் காத்திருந்தோம். எனக்கு முன்னால் போய்விட்டு வந்த பெங்களூர்ப் பெண்ணிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். நல்ல பெண். சிரித்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னாள்: "பொழுதுபோக்கு என்னன்னு கேட்டாங்க. எங்க வீட்டு நாய்க்குட்டியைப் பத்திச் சொன்னேன். ரொம்ப நேரம் அதைப் பத்தியே பேசினோம்."

எங்கள் வீட்டில் நாய்க்குட்டி இல்லையே என்று யோசித்துக்கொண்டு உள்ளே போனேன். என்னிடம் கேட்டதோ, பதிலை யார் கொடுத்தது என்று.

"யாரும் கொடுக்கலை சார். நானே யோசிச்சேன்" என்றேன்.

"இந்த நிறம் அடிக்கிற முறை உங்க பாடப் புத்தகத்தில் கிடையாது."

"கேள்வியும் எங்க புத்தகத்தில் கிடையாது சார்."

ஓரத்தில் இருந்த நரைமுடி அம்மாள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. பின்னால் வெள்ளைப் பலகை இருந்தது. அதில் போட்டுக் காட்டட்டுமா என்று எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"மனப்பாடம் செய்தும் போட்டுக் காட்டலாம். சாப்பாட்டுக்குப் பிறகு உனக்கு வேறு ஒரு பேப்பர் தருவோம். தனி அறையில் எழுத வேண்டும். நடைமுறைதான், வேறொன்றும் இல்லை."

"எல்லாரும் எழுதறாங்களா சார்?"

"இல்லை."

"அப்போ எனக்கு மட்டும் எதுக்கு?"

மூன்றாமவர் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் தலையைத் தூக்கிப் பதில் சொன்னார்: "உங்க பள்ளியிலிருந்து இதுவரை யாரும் எங்க லிஸ்ட்டில் வந்ததே இல்லையம்மா. நீ நேராக முதல் இடத்தில் வந்திருக்கிறாய். சந்தேகம் வருமா வராதா?"

"முதல்ல வர்றவங்க எல்லாரும் திருடங்களா சார்?"

இந்த வாக்கியத்தை எந்த மொழியில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. அவர்கள் மூவர் முகத்தையும் பார்த்தால் நன்றாகப் புரிந்த மாதிரிதான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வா, யோசித்துச் சொல் என்று அனுப்பிவிட்டார்கள்.

புல்வெளி பெஞ்சில்

என்னோடு வந்திருந்த அப்பா வெளியே வேப்ப மரத்தடி பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எலுமிச்சைச் சாதம். அம்மா வேர்க்கடலையை அதிகமாகவே போட்டிருந்தாள்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். வாலிபத்தில் ஓசூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அம்மா கெலமங்கலத்துக்காரி, வீட்டில் தெலுங்கு. இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவர்கள். ஜன்னல் சீட்டுக்காக முதன்முதலில் சண்டை போட்டிருக்கிறார்கள். இவருக்குத் தெலுங்கு தெரியாது, அவளுக்குத் தமிழ் அரைகுறை. ஆகவே சண்டையைக் கன்னடத்தில் போட்டார்களாம். கல்யாணத்துக்குப் பிறகும் பெரிய சண்டை என்றால் கன்னடத்துக்கு மாறிவிடுவார்கள். எனக்கும் கோபம் வந்தால் வாயில் அதுதான் வருகிறது.

உள்ளே நடந்ததைச் சொன்னேன். அப்பா கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டார்.

"எழுதிட்டு வந்துடு பாப்பா. உனக்குத் தெரிஞ்சதுதானே? இன்னொருக்கா போட்டுக் காட்டினா வாயை மூடிக்குவாங்க."

"போடத் தெரியாம இல்லப்பா. எனக்கு மட்டும் எதுக்கு வைக்கணும்?"

"என்னாத்துக்கு வெச்சா என்னா? நாலு வருசம் படிப்பு. ஒரு மணி நேரம் பொறுத்துக்க முடியாதா? நான் தினமும் கேட்ல கையைத் தூக்கலையா? அதுல எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது ஒரு நாள் அம்மாவோடு அப்பாவின் கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். துணி எடுக்கப் போவதாக ஏற்பாடு. ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்தார்கள். நிரந்தர வேலைக்காரர்கள் ஒரு வழியாக நேராக வெளியே நடந்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறு வழி. அங்கே காவலாளி ஒவ்வொருவர் டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கச் சொல்லி இடுப்பைத் தடவினார். அப்பா பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ பேசிக்கொண்டே கையைத் தூக்கினார். பழக்கத்தில் தானாகத் தூக்கிய கை. பிறகு என்னைப் பார்த்துவிட்டார். கையைச் சட்டென்று இறக்கினார். காவலாளி, "தூக்குப்பா, தூக்கு" என்றார். மறுபடியும் தூக்கினார்.

அன்றைக்கு எடுத்த பாவாடையின் நிறம்கூட எனக்கு நினைவில்லை. அந்தக் கை இறங்கி மறுபடி ஏறியது மட்டும் இருக்கிறது.

"அதுக்காகத்தான்பா எழுத மாட்டேங்கறேன்" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். டப்பாவை என் பக்கம் தள்ளி, "சாப்ட்டுட்டுப் போய்ச் சொல்லு. வெறும் வயித்தோட போய்ப் பேசாதே" என்றார்.

திரும்ப உள்ளே

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"லிஸ்ட்டில் இருக்கிற எல்லாருக்கும் இன்னொரு பேப்பர் வைங்க, நானும் எழுதறேன். இல்லைன்னா அவங்ககிட்ட கேட்டதையே என்கிட்டயும் கேளுங்க. எனக்கு மட்டும்னா எழுத மாட்டேன்."

"எழுதவில்லை என்றால் உன் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும். புரிகிறதா?"

"புரியுது சார். எதுக்காக எடுத்தீங்கன்னு அதையும் எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக் கொடுக்கவில்லை. நரைமுடி அம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் பார்த்து, நிறுத்திக்கொண்டார். நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதுவரை என் வாழ்க்கையில் எதன் மேலும் படாத ஆசையை அந்தக் கட்டடத்தின் மேல் பட்டிருந்தேன். கண்ணாடிக் கதவு பின்னால் சத்தமே இல்லாமல் மூடியது.

அத்திப்பள்ளியில் நெரிசல். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றே போய்விட்டது. டீசல் புகை. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் ஜன்னலில் வந்து நின்றபோது அப்பா வாங்கி, மிளகாய்த்தூள் கொஞ்சமாகப் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

ஜெசிந்தாவின் கோபம்

அம்மா அப்போது ரோஜாப் பசுமைக்குடிலில் பூ கட்டிப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தக் கல்லூரியைத் தெலுங்கில் திட்ட ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

ஜெசிந்தா சொன்னாள். மறுநாளே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"எனக்குக் கிடைக்கலைன்னு நான் ராத்திரியெல்லாம் அழுதேன் மஞ்சு. நீ கிடைச்சதைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கே. உனக்கு ரோஷம் பெருசு. எனக்கு அந்த இடம் பெருசுடி. என்னைத் தனியா எழுதச் சொல்லியிருந்தா, தரையில உக்காந்துகூட எழுதியிருப்பேன்."

"உன்னை எழுத வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டே. ஆனா நான் எழுதியிருந்தா உன் கண்ணுக்கு மட்டமாத் தெரிஞ்சிருப்பேன் இல்ல?"

கேட்ட வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டாள். அடுத்த வாரம் செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் விடுதியிலேயே தங்கிவிட்டாள். பல மாதங்கள் பேச்சே இல்லை. அந்தக் கல்லூரி போனதைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. என் முடிவு தவறு என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

பாதி

சில வாரங்கள் கழித்து கல்லூரியிலிருந்து மெயில் வந்தது. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தமிழில் படித்துக் காட்டினேன். 'தங்கள் குடும்பப் பின்னணியைக் கருணையுடன் பரிசீலித்து, எழுந்த ஐயத்தைப் பெரிதுபடுத்தாமல், பாதி உதவித்தொகை வழங்க முன்வருகிறோம்' என்று இருந்தது. இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும்.

அப்போது என் கையில் வேறு எதுவுமே இல்லை. சென்னையில் ஒரு கணித நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எழுதியிருந்தேன், அதன் முடிவு வரவில்லை. மீதிப் பாதிக்கு பேங்க்கில் கேட்டால் கிடைக்கலாம் என்று அப்பாவின் சூப்பர்வைசர் ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்தார். புல்வெளி பெஞ்சில் கெஞ்சியவர் இதை விடமாட்டார் என்று நினைத்தேன். மறுத்துப் பேசத் தயாராகத்தான் நின்றேன்.

அப்பா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டார். "சந்தேகம் போயிடுச்சுன்னு போட்டிருக்காங்களா?"

"இல்லப்பா. பெரிசுபடுத்தலைன்னு போட்டிருக்காங்க."

"அப்போ சந்தேகம் அப்படியே இருக்குது."

"ஆமா."

"பாதித் திருடின்னு சொல்றாங்க. வேணாம்னு எழுதிடு."

எழுதினேன். 'நன்றி. வேண்டாம்.' அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது அப்பா தெருமுனை திரும்பிவிட்டிருந்தார். அன்றைக்கு கம்பெனி பஸ்ஸுக்கு அவர் நடந்த நடை கொஞ்சம் வேகமாக இருந்தது என்று அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

சென்னையிலிருந்து அழைப்பு வந்தது மழை தொடங்கிய பிறகு. அங்கே வந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே மாதிரி கரும்பலகை முன்னால் நிறுத்தினார்கள். முதல் கேள்வி போட்டேன். இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. "தெரியலை" என்றேன். "எங்களுக்கும் முதலில் தெரியவில்லை. சேர்ந்து பார்க்கலாம்" என்று ஒருவர் சாக்பீஸோடு எழுந்து வந்தார். கையெல்லாம் சுண்ணாம்புத் தூள். வெளியே வந்தபோது இடம் கிடைக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கணக்கைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இடமும் கிடைத்தது, மாத உதவித்தொகையோடு.

ஒரு போன்

அடுத்த கோடையில் ஹாஸ்டலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெசிந்தா.

ஷிப்டுக்கு நடுவே படித்து, அதே கல்லூரித் தேர்வை வணிகவியலுக்கு மறுபடி எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. இந்த முறை லிஸ்ட்டில் வந்து, அன்று காலை அதே அறையில், அதே மூவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு முழு உதவித்தொகையும் கிடைத்தது, மூன்று வருடம் அங்கேயே படித்து முடித்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் போன் வந்த நேரத்தில் அது அவளுக்கும் தெரியாது.

"தனியா எழுதச் சொன்னாங்களா?" என்றேன். எத்தனையோ மாதம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"இல்ல. நாய்க்குட்டி, பூனைக்குட்டின்னு ஏதோ கேட்டாங்க. எல்லாம் முடிஞ்சு, உங்களுக்கு ஏதாவது கேட்கணுமான்னாங்க. கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"போன வருசம் எங்க கிளாஸ் மஞ்சுளாவை மட்டும் எதுக்குத் தனியா எழுதச் சொன்னீங்கன்னு கேட்டேன்."

என் கையில் இருந்த துணி கீழே விழுந்துவிட்டது. "அய்யோ, பைத்தியமாடி உனக்கு? அந்த இடம் உனக்குப் பெருசுன்னு சொன்னியே! இப்போ குடுப்பாங்களா மாட்டாங்களா?"

அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு சத்தம். கண்டக்டர் ஓசூர் ஓசூர் என்று கத்திக்கொண்டிருந்தார். அதையும் மீறி அவள் சிரிப்பது கேட்டது.

"அது குடுக்கறப்போ குடுக்கட்டும். மொதல்ல அவங்க மூஞ்சி எப்படிப் போச்சுன்னு சொல்றேன், கேளு."